மேயரை இறக்கக் கேட்ட செல்வராணி அக்கா

இத்தாலியின் பலேர்மோவில் மொழிபெயர்ப்பு வேலை என்றால், 'முடியாது' என்று சொல்வது சட்டம், திட்டு வாங்குவது நாங்கள். இதே மொழிபெயர்ப்பாளர் கதிரையில் இருக்கிற உங்களுக்குத் தெரியாததா!

யார் இறக்குவது?

இத்தாலியில் லீராக் காசு போய் யூரோ வந்து கொஞ்சக் காலம். பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு சின்னச் சங்கத்தின் சட்ட உதவி மேசையில் இருந்தேன். பக்கத்து நகரமான பகேரியாவுக்கும் அப்பால் ஒரு ஊரிலிருந்து செல்வராணி அக்கா ரயிலேறி வந்தா. மன்னார்ப் பெண், அங்கே ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. புது மேயர் வந்தபின் வெளிநாட்டவர்களுக்கு வதிவிடப் பதிவு கிடைக்கவில்லை. பதிவில்லாமல் அக்காவின் தங்கும் அனுமதியும் இழுபட்டது. "இந்தாளை எப்பிடி இறக்கிறது?" என்று நேராகக் கேட்டா.

எங்கள் சங்கத்து வக்கீல் அம்மா விளக்க, நான் தமிழில் சொன்னேன்: தவணை முடியுமுன் மேயரை மக்கள் இறக்க முடியாது, நகரசபை உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால்தான் உண்டு. அக்கா யோசித்தா. "வாக்குப் போட்ட சனமும் இறக்கேலாது, வாக்கில்லாத நானும் இறக்கேலாது. அப்ப எல்லாரும் ஒண்டுதான் தங்கச்சி."

அவர் வீடு

அந்த ஊர் நகரசபையின் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனா. மனிதர் மேயரை நன்றாகத் திட்டினார். தீர்மானத்தில் கையெழுத்து என்றதும் குரல் இறங்கியது. தீர்மானம் வென்றால் மேயரோடு சபையும் கலையும், தானும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்.

நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, அக்கா எழும்பிவிட்டா. "போகட்டுமன்! இவருக்குப் போக வீடிருக்கு, அந்த வீட்டுக்குப் பதிவும் இருக்கு எண்டு சொல்லு."

சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல்.

கதவு கதவாக

பிறகு அக்கா அந்த உறுப்பினருக்கு வாக்களித்த தெருக்களில், அவர் தீர்மானத்தில் ஒப்பமிடவேண்டும் என்று கையெழுத்துச் சேர்த்தா. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் பலமில்லை என்று எச்சரித்தேன். கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வராததால் மேயர்மேல் இருந்த கோபத்தில் ஊர்ச் சனமும் கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து அக்காவின் சிஞ்ஞோராவுடையது. "என்னிடம் வாக்கு இருக்கிறது, நடக்கக் காலில்லை. இவளிடம் கால் இருக்கிறது" என்றாவாம் அந்த அம்மா.

தாளைப் பார்த்த உறுப்பினர் வியர்த்தார். கடைசியில் தீர்மானத்தில் ஒப்பமிட்டார். வேறு சிலரும் சேர்ந்தார்கள்.

பெயர் கூப்பிட்டு

வாக்கெடுப்பு அன்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து சத்தமாகப் பதில் சொன்னார்கள். இரண்டு வாக்கு குறைந்தது, மேயர் தப்பினார். ஆனால் விவாதத்தில் அவர் நெஞ்சை நிமிர்த்தி, பதிவு கேட்ட ஒருவரையும் தன் அலுவலகம் திருப்பி அனுப்பியதில்லை என்று அறிவித்திருந்தார்.

மறுநாள் கதவு திறக்கும்போதே அக்கா பதிவு அலுவலகத்தில். "உங்கட மேயர் நேற்றுச் சபையில சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? பதிஞ்சு தாங்கோ. இல்லாட்டி அவர் பொய் சொன்னவர் எண்டு எழுதித் தாங்கோ." இத்தாலியனில் அதை அப்படியே சொன்னேன். அலுவலர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். "கடவுச்சீட்டைக் கொடுங்கள், சிஞ்ஞோரா."

எங்கள் மேசையின் சாதனை இதுதான்: தோற்கடிக்க முடியாத மேயரை, அவர் சொன்ன பொய்யை உண்மையாக்க வைத்தோம்.