இரண்டாவதாக எடுத்த பையனும் ஹீட்டர்கார வெர்லினும்

“ரெண்டாவது ஆளா எடுத்தாங்க. நாடு பூரா சலிச்சு, ரெண்டாவது. மேட்சுக்கு ஏழே ஏழு பாயின்ட் போடுறான்.”

எங்கள் எதிர்வீட்டு வெர்லின் நாலு வருடமாகத் தினமும் இதைத்தான் சொன்னார். காலையில் பேப்பர் எடுக்க வரும்போது என்னிடம், அப்புறம் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை ரிப்பேர் செய்யப் போகிற வீடுகளிலெல்லாம். சொன்னது ஜமாரியைப் பற்றி. இந்தியானாவில் எங்கள் சின்ன ஊரிலிருந்து பெரிய பாஸ்கெட்பால் லீக்குக்குப் போன ஒரே பையன். டிராஃப்ட் அன்று டீம்கள் வரிசையாகப் புதுப் பையன்களைப் பொறுக்கியபோது, இரண்டாவதாக அவன் பெயரைச் சொன்னார்கள். ஊரே கார் ஹாரனை அடித்துத் தீர்த்தது. முதல் வருடமே முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன், ஒரு வருடம் பெஞ்ச். வெர்லினுக்கு அதெல்லாம் சாக்கு.

சிக்கல் என்னவென்றால், ஜமாரியின் அம்மா ரெனிட்டாவைக் கல்யாணம் செய்துகொள்ள வெர்லினுக்கு ஆசை. அவர் மனைவி இறந்து ஒன்பது வருடம். சர்ச் பாட்டுக்குழுவில் ரெனிட்டாவுக்குப் பின்னால் நிற்பதற்காகவே, தாளம் தெரியாத மனிதர் அதில் சேர்ந்தார். அவளிடம் பையனைப் பற்றி மூச்சு விட மாட்டார். ஆனால் காலையில் ரேடியோவில் விளையாட்டுப் பேச்சு தொடங்கியதும் ஃபோனைப் போட்டு, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு, ‘பாப்’ என்ற பேரில் பொரிந்து தள்ளுவார். பாப் யாரென்று ஊருக்கே தெரியும். ரெனிட்டாவுக்கு மட்டும் தெரியாது. பையனைத் திட்டுகிறார்கள் என்று அவள் அந்த ரேடியோவையே வைப்பதில்லை.

ஒன்று விட்டுத் தொலையுங்கள், இல்லை அவளிடம் சொல்லித் தொலையுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். திட்டவில்லை, எடைதான் போடுகிறேன் என்பார்.

போன அக்டோபரில் ஜமாரியே அந்த நிகழ்ச்சிக்கு வந்தான். அன்று ரெனிட்டா ரேடியோ வைத்தாள். பக்கத்து வீடுதானே, நானும் அவள் சமையலறையில் இருந்தேன். ஃபோனில் பாப் வந்தார். இரண்டாவது ஆள், ஏழு பாயின்ட், எல்லாம் சொல்லி முடித்தார்.

ஜமாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மிஸ்டர் வெர்லின், ஊர்லயே முதல் ஆளுன்னுதான் எங்கம்மா உங்கள ஹீட்டருக்குக் கூப்பிட்டாங்க. மூணு தடவ வந்தீங்க. அது இன்னும் இருமிக்கிட்டே இருக்கு. என் முட்டியாவது ஒரே ஆபரேஷன்ல சரியாச்சு,” என்றான்.

 வெர்லினின் கைக்குட்டை விழுந்திருக்க வேண்டும், ரேடியோவில் மூச்சு தெளிவாகக் கேட்டது. ரெனிட்டா அடுப்பை அணைத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் தெருவைத் தாண்டி வெர்லின் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன், பின்னே?

“ஏழுன்னா ஏழுதான். அத நானே அவன்கிட்ட சொல்லியாச்சு. உங்களுக்கு எதுக்கு இன்னொரு பேரு?” என்றாள். “அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் துணிச்சல் இல்லாதவரு, என் வீட்டுக்குள்ள எந்த மூஞ்சியோட வருவீங்க?”

வெர்லின் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு நிலவறைக்குப் போய், ஹீட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். இரண்டு நாள் ஆனது. முகமெல்லாம் கரியோடு, அங்கிருந்தே ஜமாரிக்கு ஃபோன் போட்டுச் சொந்தப் பேரில் மன்னிப்புக் கேட்டார். ஏழு பாயின்ட் போதாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். பிறகு ரெனிட்டாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்,” என்றாள் அவள்.

இப்போது பிப்ரவரி. ஹீட்டர் ஓடுகிறது. ஜமாரி பதினொரு பாயின்ட் போடுகிறான். வெர்லின்தான் அது நின்றுவிடுமோ என்ற கவலையில் இளைத்துவிட்டார். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஞாயிறு மதியம் மேட்ச் நேரத்தில் ரெனிட்டா வீட்டுக்குப் போய் அவர்களைப் பாருங்கள். மனிதர் டிவியைப் பார்க்காமல் நிலவறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீடு நல்ல கதகதப்பாக இருக்கிறது என்று அவள் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.