பெயருக்குப் பின்னால் இருந்த பி.ஏ.

போன வாரம் எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். புதுப் பெயிண்ட் வாசனை எனக்குப் பிடிக்கும், தலைதான் வலிக்கும். பெயின்டர் என் பெயர்ப் பலகையைத் தடவிப் பார்த்தார். "இன்னா சார், பேருக்குப் பின்னால சுரண்டின மாதிரி கீது?" எலி என்று சொல்லியிருப்பேன். பலகை தகரம்.

பிள்ளைகளே, அங்கே 'பி.ஏ.' என்று இருந்தது. செங்கல்பட்டில் மூன்று வருடம் கல்லூரிக்குப் போனேன். போனது நிஜம். இரண்டு பேப்பரில் ஃபெயில், அதுவும் நிஜம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, "மாப்பிள்ளை பேருக்குப் பின்னால என்ன போடணும்?" என்று அச்சகத்தில் கேட்டார்கள். வாயில் வந்துவிட்டது. பத்திரிகைக்கு வந்தது வாசலுக்கும் வந்தது. பி.ஏ. படித்தவன் என்று பதினெட்டு வருடம் புதுப்பட்டினத்தில் பாதிப் பேருக்கு நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன்.

மகள் வாணிக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினால் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் கட்டும். இல்லாவிட்டால் என் பட்டறைச் சம்பளத்தில் அவள் படிக்க வழியில்லை. பக்கத்து வீட்டு அண்ணாத்த, "உன் பொண்ணு படிக்க ஊரு ஏம்ப்பா டப்பு கட்டணும்?" என்றார். நான் விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன்.

விசாரிக்க வந்த வி.ஏ.ஓ. கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"போர்டுல நீங்களே பி.ஏ.ன்னு போட்டிருக்கீங்க. அப்புறம் பொண்ணு எப்படி முதல் பட்டதாரி?"

மனைவி காபி டம்ளரோடு நிற்கிறாள். வாணி ஃபைலைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள்.

"ஃபெயில் சார்" என்றேன். அவ்வளவு சின்னக் குரல் எனக்கு இருப்பது அன்றுதான் தெரியும்.

அவர் விடவில்லை, ஃபெயிலானதற்கு ஆதாரம் கேட்டார். அந்த மார்க் ஷீட்டை ஒளித்து வைத்த இடமே எனக்கு மறந்துபோயிருந்தது. மனைவி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து நீட்டினாள். லேமினேட் பண்ணியிருந்தாள்.

"கல்யாணமான மொத மாசமே டிரங்குப் பெட்டில கெடைச்சுது சார். என்னைக்காவது ஒதவும்னு வச்சிருந்தேன்."

அன்றைக்கே பிளேடை எடுத்துச் சுரண்டினேன்.

வாணி இப்போது நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் இடத்தில் இன்ஜினியர். அண்ணாத்தயின் மகன் சென்னையில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறான். சோப்பு வாங்கியவர், டீத்தூள் வாங்கியவர் எல்லோருடைய வரியிலும்தான் அவள் படித்தாள். ஊர் ஏன் கட்ட வேண்டும் என்பதற்கு என் பதில் அந்தத் தண்ணீர்தான். கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

பெயின்டர் பட்டி பூசியதில் சுரண்டிய தடம் மறைந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே 'வாணி, பி.இ.' என்று எழுதினார். பிளஸ் டூ படிக்கும் சின்னவன் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் அந்தச் சான்றிதழ் வாங்கித் தரச் சொன்னான்.

"இனிமே நம்ம வூட்டுல யாருக்கும் கெடைக்காதுடா" என்றேன்.

"அப்ப என் ஃபீஸை யாரு கட்டுவா?"

பலகையைக் காட்டினேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை.