காதுக்குள் அண்ணா

ரேடியோவில் தமிழில் கதைப்பது என்று முடிவெடுத்தது அண்ணாதான்.

ரலிகுரொஸ் பந்தயத்தில் ஓர் அணியின் ரேடியோவை மற்ற அணிகள் ஒட்டுக்கேட்பது வழக்கம். யாரும் அதைக் களவென்று நினைப்பதில்லை. ஐந்து கார்கள் ஒரே வரிசையில் நின்று ஒரே நேரத்தில் பாயும். ஓடுபாதையில் பாதி தார், பாதி கிரவல் மண். சில சுற்றுகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சில சுற்றுகளுக்குள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை பிரதான பாதையை விட்டு, அதைவிட நீளமான பக்கப்பாதை ஒன்றால் போய்வர வேண்டும். அதற்கு ஜோக்கர் என்று பெயர். அதை எந்தச் சுற்றில் எடுப்பது என்பதில்தான் வெற்றி தோல்வி எல்லாம். காருக்குள் இருப்பவருக்குத் தூசியைத் தவிர அதிகம் ஒன்றும் தெரியாது. அதனால் ஒருவர் உயரமான இடத்தில் நின்று முழுப் பாதையையும் பார்த்து அவருடைய காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணாவுக்கு அந்த ஆள் நான்.

"இங்கிலீஷில சொன்னா பக்கத்துக் கூடாரத்துக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி. தமிழில கதை. எந்த வெள்ளைக்காரனுக்கு விளங்கப்போகுது?" என்றார்.

அண்ணாவுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை. கடை மூடும் நாட்களில் எந்த ஊரில் கிரவல் பந்தயம் நடந்தாலும் காரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நானும் கூடப் போவேன். தண்ணீர்த் தாங்கியோ லொறிக் கூரையோ, எது உயரமோ அதில் ஏறி நின்று வோக்கிடோக்கியில் சொல்லுவேன். அப்படி ஒரு பந்தயத்தைப் பார்க்க வந்த ஐரோப்பியர் ஒருவர், சின்ன அணியொன்றின் சொந்தக்காரர், சர்வதேசத் தொடரின் இரண்டாம் பிரிவில் ஒரு முழு சீசன் ஓட்ட அண்ணாவைக் கூப்பிட்டார். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்க அதே பேச்சு. நான் வேலை செய்த கப்பல் முகவர் அலுவலகத்தில் சம்பளமில்லா விடுமுறை கேட்டு வாங்கினேன்.

போக எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என்னைக் கட்டியவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கிருந்தே விவாகரத்துக் கேட்டிருந்தார். புதுக்கடை நீதிமன்றத்துக்கு நான் தனியாகத்தான் போய்வந்தேன். வழக்கு முடிந்ததும் அம்மா சொன்ன முதல் விஷயம், "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்பது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "மருமகன் கூப்பிடுறார், விசாதான் இழுபடுது" என்பார். இரண்டு வருடமாக எனக்கு விசா இழுபட்டுக்கொண்டிருந்தது. வெளிநாடு போனால் அந்தக் கேள்வியிலிருந்தாவது தப்பலாம் என்று நினைத்தேன்.

போர்த்துக்கலில் முதற்போட்டியில் அண்ணா இறுதி ஓட்டம் வரைக்கும் போய் இரண்டாவதாக வந்தார். நான் சொன்னபோது ஜோக்கர் எடுத்தார், நான் சொன்ன இடத்தில் உள்ளே விட்டு முந்தினார். ஆனால் தொடங்கியதிலிருந்து முடியும்வரை என் காதுக்குள் ஏச்சுத்தான். "எருமை", "மூதேவி", "கண் பொட்டையோ உனக்கு?" ஊரில் ஓடும்போதும் ஏசுவார்தான். ஊரில் அது வோக்கியின் கரகரப்பில் பாதி அழிந்துபோகும். இங்கே தந்த கருவி நல்லது. அவர் மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

அணியின் எஞ்சினியர் என் பக்கத்தில் நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். போட்டி முடிந்ததும், "கடைசிச் சுற்றில் நிறையச் சொன்னாரே, என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"டயர் சூடாகேல்லையாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் அதை நம்பி அடுத்த ஓட்டத்துக்கு டயரின் காற்றழுத்தத்தை மாற்றினார். பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டார். நான் பிரேக் என்றேன், கியர் என்றேன், வெயில் கண்ணில் அடிக்கிறதாம் என்றேன். அண்ணா என்னை நாய் என்று ஏசிய நாளில் அந்த மனிதர் காரின் முன்கண்ணாடிக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டி ஒட்டினார்.

நோர்வேயில் நடந்த போட்டிக்கு எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அண்ணாவைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து தந்தார்கள். அண்ணாவுக்கு அவர்கள் முன்னால் வெல்ல வேண்டும் என்று இருந்தது. அரையிறுதியில் மூன்றாவது சுற்றில் பின்னால் நல்ல இடைவெளி கிடைத்தது.

"அண்ணா, இப்ப எடுங்கோ. பின்னால ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. அடுத்த சுற்றில் தன்பாட்டில் எடுத்தார். பக்கப்பாதையால் வெளியே வந்தபோது இரண்டு கார்கள் முன்னால் போய்விட்டன. அப்போதுதான் அதைச் சொன்னார்.

"எருமை! புருஷனையே பிடிச்சு வைச்சிருக்கத் தெரியாதவள், எனக்குப் பாதை காட்ட வந்திட்டாள்!"

ஆனாலும் கார் ஓடிக்கொண்டிருந்தது. "கடைசிச் சுற்று, அண்ணா. முன்னால போறவர் வளைவை அகலமா எடுக்கிறார், உள்ளுக்கு விடுங்கோ" என்றேன். உள்ளுக்கு விட்டு ஒருவரை முந்தினார். அது போதவில்லை.

எஞ்சினியர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

போட்டி நடத்துகிறவர்கள் காருக்குள் எடுத்த காட்சிகளை ரேடியோச் சத்தத்தோடு இணையத்தில் போடுவார்கள். அந்த அரையிறுதியையும் போட்டார்கள். தங்கள் பந்தயத்தில் புதிதாக ஒரு மொழி கேட்கிறது என்று சந்தோஷமாக எழுதியும் இருந்தார்கள். எங்கள் ஆட்களில் யாரோ அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து, தமிழில் எழுத்துப் போட்டு, அடியில் மேளம் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள். சீசன் இடைவேளைக்கு நாங்கள் கொழும்புக்கு வருமுன்பே அது வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அம்மா கதவைத் திறந்து அண்ணாவின் பையை வாங்கினார். "மெலிஞ்சு போனாய்" என்று அவர் கன்னத்தைத் தடவினார். என்னோடு குசினிக்குள் போனதும்தான் கதைத்தார்.

"கோயிலடியில கேக்கினம். உன்ர மகளை விட்டிட்டானாமே, ஏன் மறைச்சனீ எண்டு. இனி நான் அங்க எப்பிடிப் போறது?"

"சொன்னது அண்ணா, அம்மா."

"அவனுக்குக் கோபம் வாற மாதிரி நீ ஏன் நடந்தனீ?"

மறுநாள் காலி வீதியில் பாண் வாங்கப் போனேன். பேக்கரியில் நின்ற பெடியள் இரண்டு பேர் என்னைக் கண்டுவிட்டார்கள். நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நிற்க, ஒருவன் என் குரலில், "அண்ணா, இப்ப எடுங்கோ" என்றான். மற்றவன் அண்ணாவின் குரலில் அந்த வசனத்தைச் சொன்னான். நன்றாகவே சொன்னான், மூச்சு வாங்குவது உட்பட. கடை முதலாளிக்குத் தமிழ் தெரியாது. "மொகத மல்லி?" என்று, என்ன தம்பி என்ற அர்த்தத்தில், சிரித்துக்கொண்டே கேட்டார். அவர்கள் அதை அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாணைச் சுற்றித் தந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் அண்ணாவின் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா சொல்ல நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு, எப்படி அந்தத் துணிவு வந்ததோ, எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்.

"அண்ணா, அதை ஏன் சொன்னனீங்கள்?"

"ரேஸுக்குள்ள கதைக்கிறது ரேஸோட போச்சு" என்றார் அண்ணா, என்னைப் பாராமல், வந்தவர்களுக்குச் சொல்வதுபோல. "இவளுக்கு அது விளங்காது. அதாலதான் மிச்ச ரேஸுகளுக்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு போறன்."

மச்சான் என்றது அண்ணியின் தம்பியை. வந்திருந்தவர்களோடு சேர்ந்துதான் எனக்கும் அது தெரிந்தது.

"அப்ப தங்கச்சி?" என்று ஒருவர் கேட்டார்.

"தங்கச்சி அம்மாவோட நிண்டு சமைக்கட்டும். அதையாவது ஒழுங்காச் செய்யுறாளோ பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

அண்ணாவும் மச்சானும் புறப்பட்டுப் போன பிறகு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் பல்கனியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கதைத்தவர் எதிரணியின் ஆள். சீசனில் அண்ணாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஓட்டுநரின் அணி அது. மரியாதையாகத்தான் கதைத்தார். நீங்கள் வரத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே போனில் உங்கள் அண்ணாவின் ரேடியோவைக் கேட்கலாம், ஜோக்கர் எப்போது என்று எங்களுக்குச் சொன்னால் போதும் என்றார்.

நான் மாட்டேன் என்றேன். அண்ணா மேல் பாசத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் தோற்க வேண்டும் என்று நான் கோயிலில் வேண்டிக்கொண்டேன். ஆனால் அவர் தன்னுடைய வாயால், தன்னுடைய பிழையால் தோற்க வேண்டும். என் கையால் தோற்றால் அது அவருக்கு ஒரு சாட்டாகிவிடும்.

திரும்பியபோது அம்மா கதவடியில் நின்றார். "ஆர் போனில? இங்கிலீஷில கதைச்சாய்?"

"வேலையில இருந்து" என்றேன்.

கடைசிப் போட்டியை மடிக்கணினியில் நானும் அம்மாவும் அண்ணியும் பார்த்தோம். இறுதி ஓட்டத்தில் வென்றால் தொடரில் அண்ணா முதலாவது. முதல் வளைவிலேயே முன்னுக்கு வந்துவிட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மச்சானின் குரல் கேட்டது. "அத்தான், அடுத்த சுத்தில எடுங்கோ." அடுத்த சுற்று வருமுன்பே எதிரணியின் கார் பக்கப்பாதைக்குள் திரும்பிவிட்டது. அண்ணா எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அந்தக் கார் அவருக்கு நேர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தன் காரின் மூக்கை அதன் பின்புறத்தில் தேய்த்தபடியே கோட்டைத் தாண்டினார். இரண்டாவது.

எதிரணிக்காரன் ஒரு சுற்று முன்னதாக எடுத்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. யாரோ கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணாவுக்கும் விளங்கியிருந்தது. அம்மாவின் போனுக்கு எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"உவள்தான் வித்துப்போட்டாள். எங்கட கதை விளங்க வேற ஆர் இருக்கினம்? கேளுங்கோ அவளை!"

"நீ சொன்னனியோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை."

"அண்டைக்குப் போன் வந்தது?"

"வந்தது. கேட்டவை. நான் மாட்டன் எண்டு சொன்னனான்."

அம்மா சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. "அவன் ரேடியோவில சொன்னது சரிதான்" என்றார். "உன்னோட ஆர் இருப்பான்?"

அந்த வாரமே நான் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்துப் போனேன்.

டிசம்பரில் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் கலியாணங்களுக்கென்று வந்து வெள்ளவத்தைச் சீலைக்கடைகளை நிறைத்திருப்பார்கள். அலுவலகத் தோழி ஒருத்திக்குச் சீலை எடுக்க நானும் போயிருந்தேன். கடைக்காரப் பெண்ணிடம், "அந்தப் பச்சையை எடுங்கோ" என்றேன். பக்கத்தில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த, என் வயது மதிக்கத்தக்க ஒருத்தி சட்டென்று திரும்பினாள்.

"நீங்கள் அந்த ரேடியோ அக்கா தானே? குரலை எனக்கு நல்லாத் தெரியும்!"

நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். எதிரணியில் டயர் மாற்றும் வேலை. கடைக்குள்ளேயே நின்று சந்தோஷமாகச் சொன்னாள்.

"நீங்கள் மாட்டன் எண்டாப் பிறகுதான் அவை என்னைக் கேட்டவை. கடைசி ரேஸில நான்தான் காதில போட்டுக்கொண்டு நிண்டனான். உங்கட அண்ணாவுக்கு அது வேணும், அக்கா. அவர் முடிஞ்சாப் பிறகு எங்கட கூடாரத்துக்கு வந்து சண்டை பிடிச்சவர். நான்தான் கேட்டனான் எண்டு தமிழிலயே திருப்பிக் குடுத்தன். ஆள் அப்பிடியே நிண்டிட்டார்!"

"அண்டைக்கேயோ?"

"ஓம், அண்டைக்கே. ஏன், அவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சீலையை எடுக்காமல் வெளியே வந்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் தட்டினேன். அம்மாதான் திறந்தார். நடந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே போய்க் கதிரையில் இருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அவன் வந்த கையோட சொன்னவன்."

"தெரிஞ்சும் ஏன் எனக்குச் சொல்லேல்ல? சனத்துக்கு ஏன் சொல்லேல்ல?"

"சனம் ஏற்கெனவே உன்னைத்தான் சொல்லுது. இனி மாத்திச் சொன்னா அவனுக்குத்தான் கேவலம். டயர் மாத்துற பெட்டை ஒருத்தி அவனைத் தோற்கடிச்சது எண்டு வரும். உனக்கு இனி என்ன போகக் கிடக்கு?"

உள் அறையில் அண்ணா இருந்தார். தொலைக்காட்சிச் சத்தம் ஒருமுறை குறைந்து, பிறகு கூடியது. அவர் வெளியே வரவில்லை.

அடுத்த சீசனுக்கு அந்த அணி அவரைக் கூப்பிடவில்லை. அதுவும் என்னாலேதான் என்று வெள்ளவத்தையில் கதைக்கிறார்கள். அந்தக் கதை இப்போது கொட்டாஞ்சேனைக்கும் வந்துவிட்டது. போன கிழமை வேலை முடிந்து வரும்போது, நான் இருக்கும் வீட்டுக்கார அம்மா கேற்றடியில் நின்றிருந்தார்.

"நீங்கதானாமே அண்ணன காட்டிக் குடுத்தது? மெய்தானா?" என்று கேட்டார்.

களைத்துப் போயிருந்தேன். "ஓம்" என்றேன்.

அவர் அதை உடனே நம்பி, தலையாட்டிவிட்டு, கேற்றைப் பூட்டப் போனார்.