வாசலைத் தாண்டாத ஹீரோ

போன வாரம் பெங்களூரில் ஒரு கம்பெனியின் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். இன்டர்வியூ எனக்கில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை யார் கூப்பிடுவார்கள்? என் தங்கை காயத்ரிக்கு. துணைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், திருவனந்தபுரத்தில் இருந்து கவலைப்படுவதைவிடப் பக்கத்தில் இருந்து கவலைப்படுவது எனக்குச் சுலபம்.

வீடியோ கேம் தயாரிக்கிற கம்பெனி அது. சொந்தமாகச் செய்த கேம் ஒன்றை சிடியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். காயத்ரி செய்திருந்தாள். ஹீரோ ஒரு பையன். திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெரு மாதிரியே ஒரு தெருவில் வீடு. அங்கிருந்து கடைத்தெரு வரை நடப்பான். அவ்வளவுதான்... வேறு வேலை கிடையாது.

வேலை கொடுக்க 'குவெஸ்ட்' என்று ஒரு ஏற்பாடு வேண்டுமாம். இதை முடித்தால்தான் அடுத்தது. அதை முதலிலிருந்து எழுத நேரமில்லை. யாரோ எழுதி இன்டர்நெட்டில் இலவசமாக விட்டிருந்த ப்ளக்-இன் ஒன்றைக் கொண்டுவந்து கேமோடு சேர்த்தாள். மிக்ஸிக்குப் புது ஜார் மாட்டுகிற மாதிரி என்று எனக்கு விளக்கினாள்.

ஜார் வந்தாயிற்று. உள்ளே என்ன போடுவது? பத்திரிகையில் பத்தி எழுதுகிற அண்ணன் எதற்கு இருக்கிறான்?

கடையில் பெருங்காயம் வாங்கி வர வேண்டும், எதிரே யானை வந்தால் ஒதுங்க வேண்டும் என்று சிலது சொன்னேன். அப்புறம்தான் ஸ்கிரீனைச் சரியாகப் பார்த்தேன். ஹீரோ படியிறங்குகிறான். எதிர் வீட்டு மாமி வாசலில் நிற்கிறாள்.

"எங்க கிளம்பியாச்சுன்னு மாமி கேப்பாளே. கேட்டப்புறம் அப்படியே போயிடுவானா?"

எங்கள் தெருவில் அது நடக்காது. கிளம்புகிறவனை எங்கே என்று யாராவது கேட்டுவிட்டால், திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் உருப்படாது.

"அண்ணா, இது கேமாக்கும்."

"கேம்னா? அவன் போற காரியம் நடக்கண்டாமா?"

என்னோடு வாதாடி ஜெயிப்பதைவிட டைப் அடிப்பது சீக்கிரம் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அடித்தாள். ப்ளக்-இன் ஒரு கேள்வி கேட்டது. இந்தப் பணி ஒரு தடவைக்கு மட்டுமா, ஒவ்வொரு தடவையுமா?

"கேக்கறச்சே எல்லாம்தான்," என்றேன். "அதென்ன, முதல் தடவைக்கு மட்டும் சகுனம்?"

டிக் அடித்தாள். மாமி என்றைக்காவது கேட்காமல் விட்டிருக்கிறாளா... இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அவசரத்தில் கடைத்தெருவிலிருந்தே ஆரம்பித்து ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக ஓடியது.

இன்டர்வியூ எடுத்தவர் ஹீரோவின் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

ஹீரோ இறங்கினான். மாமி கேட்டாள். உள்ளே போனான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான். 'பணி முடிந்தது' என்று மூலையில் மின்னியது. இறங்கினான். மாமி கேட்டாள். உள்ளே போனான்...

அவரும் விடவில்லையாம். அவனை ஓடவைத்துப் பார்த்தார். கொல்லைப்பக்கம் வழி உண்டா என்று தேடினார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த இன்டர்வியூவுக்குக் காயத்ரியை வீட்டில் அனுப்புவார்களா என்பதே சந்தேகம். கடைசியில் அவர் மௌஸை வைத்துவிட்டு, இந்தப் பையன் எப்போதுதான் வெளியே போவான் என்று கேட்டாராம்.

தப்பு நேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தப்புக்குக் காரணமானவன் ரிசப்ஷனில்தான் இருக்கிறான் என்றும் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னாய் என்று ஆட்டோவில் கேட்டேன்.

"நானே இன்னிக்குத்தான் வெளில வந்திருக்கேன் சார்னேன்."

அவர் சிரிக்கவில்லையாம். எதையோ குறித்துக்கொண்டாராம். ஊர் வந்து சேரும் வரை நான் தூங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

நேற்று போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும்.

காயத்ரி பெட்டியை இறக்கித் தூசி தட்டிவிட்டாள். பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளுமா, ஹாஸ்டல் கேட்டை எப்போது பூட்டுவார்கள் என்று நானும் என் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

கவலை முழுக்க எனக்கு, சம்பளம் முழுக்க அவளுக்கு — நியாயமான பங்கீடுதான்.