அக்காவின் அறுபத்தைந்து நொடி

நானூறு மீட்டரை அறுபத்தைந்து நொடிக்குள் ஓடிவிட வேண்டும் என்று என் அக்கா தனக்குத்தானே ஓர் அளவு வைத்திருந்தாள். வேறு யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. இண்டூரை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை ஓடுவதே பெரிய விஷயம். வட்டாரப் போட்டியில் முதலாவதாக வந்துவிட்டு, அறுபத்தெட்டு ஆகிவிட்டதே என்று கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவள் அவள்.

"மொதல்ல வந்தவ எதுக்குடி அழுவற?" என்று அம்மா கேட்டாள்.

"மத்தவங்க மெதுவா ஓடுனாங்கம்மா."

அப்போது அவள் பத்தாவது, நான் ஐந்தாவது. தினமும் விடிந்ததும் பள்ளி மைதானத்துக்குப் போவோம். இரண்டு சுற்று ஓடினால் நானூறு மீட்டர். கோட்டருகே நின்று அப்பாவின் போனில் ஸ்டாப்வாட்ச் அமுக்குவது என் வேலை. நான் சொல்வதை அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். மாதக்கணக்கில் ஓடி அறுபத்தாறுக்கு வந்திருந்தாள். அங்கேயே நின்றுவிட்டது.

மார்கழிக் குளிரில் ஒரு நாள், எனக்குப் பசி. வீட்டுக்குப் போகலாம் என்றேன். "இன்னும் ஒரே ஒரு வாட்டி" என்று ஓடினாள். கோட்டைத் தொட அவளுக்கு இன்னும் நன்றாகவே தூரம் இருக்கும்போதே அமுக்கிவிட்டேன்.

"அறுவத்தி நாலு."

"கரெக்டா அமுக்குனியா?"

"ஆமாக்கா."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை சொல்லிவிட்ட பிறகு, அடுத்து வந்த நாட்களிலும் அதையொட்டியே சொல்ல வேண்டியதாயிற்று. அதில் நான் கெட்டிக்காரியாகவும் ஆகிவிட்டேன்.

விளையாட்டு விடுதிக்கு அடுத்த வருடம் அனுப்பலாம் என்றிருந்த பி.டி. மிஸ், நோட்டைப் பார்த்ததும் இந்த வருடமே பெயர் கொடுத்தார். இடம் கிடைத்தால் பன்னிரண்டாவது வரை சாப்பாடும் படிப்பும் அங்கேயே. அப்பா ஒரே பேச்சில் முடித்தார்: "செலக்ட் ஆனா போவட்டும். ஆவலன்னா இந்த ஓட்டத்தோட உட்ரணும்." அக்கா தயங்காமல் தலையாட்டினாள்.

தருமபுரியில் தேர்வு. நானும் கூடப் போனேன். தன்னால் முடியும் என்று நம்பிய வேகத்திலேயே கிளம்பினாள். முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால். இரண்டாவது சுற்றின் பாதியில் கால் கட்டிக்கொண்டது. ஒவ்வொருத்தியாக அவளைக் கடந்து போனார்கள். எழுபத்தொன்று என்றார்கள்.

அவள் அழவில்லை. அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். மிஸ் தோளைத் தட்டி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்குதுங்க மிஸ்" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. அப்பா உண்மையில் அவளைத் தடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்று பொம்மிடியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அந்தப் பொய்யை இதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. அந்த நோட்டில், என் பொய்க்கு முந்தைய பக்கங்களில், நேரம் ஒவ்வொரு நொடியாகக் குறைந்து வந்ததைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தவள் நான். பொய் சொல்லாமல் இருந்திருந்தால், அடுத்த வருடம் அவள் தன் அளவைத் தொட்டிருப்பாள்.

அன்று தேர்வு முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

"நீ கரெக்டாத்தான் சொன்ன. எங்கிட்டதான் ஏதோ போயிடுச்சி" என்றாள்.

மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியில் நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.