பேய்க்கதையும் ஒரு கிண்ணம் எலும்பு ரசமும்

இரண்டு வாரத்துக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சுடச்சுட ஒரு கிண்ணம் நெஞ்செலும்பு ரசத்தை எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டினேன். மிளகு தட்டிப் போட்டு, பக்குவமாகக் கொதிக்கவைத்த ரசம். திண்டுக்கல்காரன் ஒருவன் இப்படிச் செய்தான் என்று வெளியே தெரிந்தால் ஊருக்கே கேவலம்.

காரணம்? ஒரு கதை.

நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்த மொழிபெயர்ப்புத் தொகுப்பு. எங்கோ தூர தேசத்தில் இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் திகில் கதைகள். நம்மூர்ப் பேய்க்கு ஒரு ஒழுங்கு உண்டு. வெள்ளைச் சேலை, கொலுசு, புளியமரம். இருட்டினால் டியூட்டிக்கு வரும், விடிந்தால் கிளம்பிவிடும். இந்தக் கதைகளில் பேயே கிடையாது. பட்டப்பகலில் நல்ல மனுஷர்கள் நல்ல காரியம் செய்கிறார்கள்… படிக்கிற நமக்குத்தான் பயம்.

அதில் ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாக ஒரு பெண் வருகிறாள். வீடு வீடாக ஒரு கிண்ணம் சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அப்படியொரு ருசி. குடித்தவர்களுக்கு ஒவ்வொரு கிண்ணத்துக்கும் வீட்டு ஆள் ஒருவரின் பெயர் மறந்துபோகிறது. கடைசியில் ஒரு தாய் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை எடுத்து வைக்கிறாள் — யாருக்கென்று தெரியாமல். கதை முடிந்தது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

காலைக் காபியோடு படித்து முடித்து, "ப்பூ… இம்புட்டுத்தானா?" என்று சத்தமாகச் சொன்னேன். ஆளில்லாத வீட்டில் சத்தமாகப் பேசுகிறவன் தைரியசாலியா? நீங்களே சொல்லுங்கள்.

மனைவி வடமதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். எனக்குச் சளி என்பதால் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்போதுதான் காலிங் பெல் அடித்தது.

ஸ்டெல்லா டீச்சர். பக்கத்து வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். சேவுகம்பட்டிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார். கையில் எவர்சில்வர் கிண்ணம்.

"அண்ணே, சளின்னு அக்கா சொன்னாங்க. எலும்பு ரசம் வச்சேன். சூட்டோட குடிச்சிருங்க."

புதிதாகக் குடிவந்த பெண். கிண்ணம். சூப்.

சேச்சே, என்று என்னையே அதட்டிக்கொண்டு நாலு வாய் குடித்தேன். தொண்டைக்கு இதமாக இறங்கியது. போன் அடித்தது. மனைவி.

"தம்பி பக்கத்துலதான் நிக்கிறான், பேசுங்க."

"என்ன மச்சான், சளி தேவலையா?" என்றான் மச்சினன்.

"பரவால்ல மாப்ளே…" என்று சொன்ன அந்த நொடியில்தான் தோன்றியது — இவன் பேர் என்ன?

வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனை 'மாப்ளே' என்றே கூப்பிட்டதால் பேருக்கு வேலையே வந்ததில்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது? முகம் தெரிகிறது, மீசை தெரிகிறது, பைக் நம்பர்கூடத் தெரிகிறது… பேர் மட்டும் இல்லை! போனைக் கட் பண்ணினேன். கிண்ணத்தோடு கொல்லைக்கு ஓடினேன். கவிழ்த்தேன். போதாதென்று குழாயைத் திறந்து, வாய் கொப்பளித்துத் துப்பினேன். துப்பினேன். இன்னொரு தரம் துப்பினேன்.

துப்பியதும் பேர் வந்துவிட்டது. முருகன்! பழனிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மறக்கிற பேரா அது?

சிரித்தபடி நிமிர்ந்தால்… மாடியில் டீச்சர். கையில் பிழிந்த துணி. எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் கையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. துணியைக் கொடியில் போடாமலே உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவி, வெறுமனே கொடுக்கக்கூடாதே என்று கொஞ்சம் சர்க்கரை போட்டு எடுத்துப் போனேன். கதவு பாதிதான் திறந்தது.

"அங்கனயே வச்சிருங்க சார்."

காலையில் அண்ணன். சாயங்காலம் சார்.

மனைவி திரும்பியதும் இதை ஒரு ஜோக்காகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு? நீங்க கதையப் படிச்சுப் பயந்தது உங்களுக்குத் தெரியும். மேல நின்னு பார்த்தவுகளுக்கு? சாதி பார்த்துக் கொட்டிட்டாகன்னுதான நெனைப்பாக? துப்ப வேற செஞ்சிருக்கீக!"

உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏன் அது உறைக்கவேயில்லை? என் வீட்டுப் பண்டத்தை யாரும் இதுவரை கொட்டியதில்லை… அதனால்தான். என் பயத்தை டீச்சர் தன் அனுபவத்தில் மொழிபெயர்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. மூலம்தான் கோமாளித்தனம்.

மறுநாள் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன் — சூப், மாப்பிள்ளை, முருகன். பரீட்சையில் பிட் அடித்த பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார் டீச்சர்.

"முன்னாடி இருந்த வீட்ல, பக்கத்து வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தேன். சுகர்னாங்க. அதுக்கும் முந்தின வீட்ல விரதம்னாங்க. பேய்க்கதைன்னு சொன்ன மொதோ ஆளு நீங்கதான் சார்."

"சத்தியமா டீச்சர்! வேணும்னா நீங்களே படிச்சுப் பாருங்க."

வாங்கிக்கொண்டார். அப்படியொரு கதை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கத்தான்… அதுகூடவா எனக்குப் புரியாது?

"அந்த ரசம் இன்னும் கொஞ்சம் இருந்தா…" என்று இழுத்தேன்.

"தீர்ந்துருச்சு சார்."

சில நாள் கழித்து டீச்சரே புத்தகத்தைக் கொண்டுவந்தார். உள்ளே வரச்சொன்னேன். வரவில்லை.

"கதை இருக்கு சார். படிச்சேன்."

அப்பாடா! உயிர் வந்தது எனக்கு. "பயமா இருந்துச்சா டீச்சர்?"

புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"எதுக்குப் பயம்? அந்தப் பொம்பளை கொண்டுபோன கிண்ணத்தை ஒரு வீட்லகூட வேணாங்கலையே சார்… எல்லாரும் வாங்கிக் குடிச்சிருக்காங்களே."