தீப்பொறி கேட்டவர்

வலது கை ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டைக் கேமரா லென்ஸின் மேல் பிடித்திருந்தது. இடது கை அதைச் சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தது, காயத்துக்கு ஒட்டும் அதே வெள்ளைப் பிளாஸ்திரி. இரண்டு சுற்று சுற்றியதும் ஓரத்தை நகத்தால் ஒரு நீவல். வெல்டிங் வெளிச்சம் உள்ளே புகுந்து கேமராவைச் சுட்டுவிடக் கூடாதே என்று அவ்வளவு அக்கறை.

கைக்குச் சொந்தக்காரர் தீனதயாளன். புதுப்பட்டினம் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதிர்ச்சாரியில் மோசஸின் வெல்டிங் பட்டறை. கண் எரிகிறது என்று வரும் வெல்டர்களுக்குப் பதினைந்து வருடமாகச் சொட்டு மருந்து கொடுத்து, "கண்ணாடி போடாம வேலை செய்யலாமா?" என்று ஒரு பிரசங்கத்தையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேமராவுக்குக் கண்ணாடி போட்டார். தன் கண்ணுக்குப் போடவில்லை. எந்த நொடியில் பொத்தானை அழுத்துவது என்று கேமராவுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் இரண்டு கண்ணிலும் யாரோ கடற்கரை மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது.

மனைவி பூங்கொடி மருந்து விட்டாள். விட்டுவிட்டு அவர் குரலிலேயே கேட்டாள்: "கண்ணாடி போடாம வேலை செய்யலாமா?"

 மருந்து வழியும் கண்ணோடு எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வது என்றே தீனதயாளனுக்குத் தெரியவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அவர் கெட்டிக்காரர். விடவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் பட்டறைக்குப் போனார். அவருக்கு வேண்டியது தீப்பொறி. "மோசஸு, இன்னும் கொஞ்சம் பொறி வரட்டும்பா" என்பார். மோசஸ் கழிவு இரும்பில் ஒரு துண்டை எடுத்து, மிஷினைத் திருகிக் கரண்டைக் கூட்டி, வெல்டிங் ராடை இரும்பிலிருந்து தூக்கிப் பிடிப்பான். பொறி மழையாகக் கொட்டும். அதில் சிறந்த படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் இருமல் மருந்து வரிசைக்கு மேல் மாட்டியிருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊர்த் திருவிழா?" என்று கேட்டார். கலை புரிந்தவர் என்று தீனதயாளன் அவருக்கு ஒரு ஸ்ட்ராங் மிட்டாய் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போது மோசஸுக்கு ஒரு வேலை வருகிற மாதிரி இருந்தது. மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி எழும்பும் ஒரு விடுதிக்கு இரும்புக் கேட்டும் மாடிப்படிக் கைப்பிடிகளும். பன்னிரண்டு வருடமாக அவன் செய்த கேட்டுகள் எல்லாம் வேறு யாரோ காண்டிராக்டர் பெயரில்தான் போய் நின்றன. அவனை நேராகக் கூப்பிட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. விடுதியைக் கட்டும் இன்ஜினியர் ராகவன் தூரத்தில், நாவலூரில் இருப்பவர். பற்றவைத்த இடத்தில் ஊசி முனை அளவு துளை இருந்தாலும் உப்புக்காற்று உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அதனால் முதலில் இணைப்புகளைக் கிட்டத்தில் எடுத்த படங்களை அனுப்புங்கள் என்றார்.

"நம்ம தெருவுலயே போட்டோக்காரரு கீறாரு" என்று மோசஸ் பொறுப்பைத் தீனதயாளனிடம் விட்டான். அவர் மூன்று வருடப் படங்களில் அருமையான ஆறைப் பொறுக்கிப் புதன்கிழமை அனுப்பினார். பத்தாவது நிமிடம் மோசஸ் போனும் கையுமாகத் தெருவைத் தாண்டி வந்தான்.

"இன்னா அண்ணாத்த அனுப்பிச்ச?"

"இருக்கறதுலயே பெஸ்ட்டு."

மோசஸ் போனை அழுத்தினான். ராகவன் அனுப்பியிருந்த குரல் பதிவு ஓடியது. "என்ன மோசஸ், இப்படித் தெறிக்குது? கரண்ட் அதிகம். ராடையும் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க. இந்த வேலை ரெண்டு மழைக்குத் தாங்காது. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

தீனதயாளன் சட்டம் போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா பத்தவச்சா பொறி வராதா?"

"வரும், கொஞ்சூண்டு. நீ கேக்கறியேன்னு நான்தான் கெடுத்துக் கெடுத்துப் பத்தவச்சேன்."

"மூணு வருஷமாவா? சொல்றதுக்கு இன்னா?"

"ஞாயித்துக்கெழமயானா ஆசையா வந்துகினு இருந்த. எதுக்குப் பேஜாரு பண்ணணும்னு வுட்டுட்டேன்."

தீனதயாளன் அப்போதே ராகவனுக்குப் போன் போட்டார். "சார், அதுல கெட்டது மோசஸ் வேலை இல்ல, என் ரசனை" என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னார். மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. சனிக்கிழமைவரை தவணை கிடைத்தது.

வியாழக்கிழமை மோசஸ் ஒழுங்காகப் பற்றவைத்தான். எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிவதுபோல் ஒரே சீரான சத்தம், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் தீனதயாளனுக்குக் கொட்டாவி வந்தது. முடிந்ததும் கேமராவைத் தூக்கினார்.

"இரு. அது மேல்தோலு" என்றான் மோசஸ். சின்னச் சுத்தியலால் தட்டினான். கசடாகப் படிந்திருந்த கறுப்புத் தோல் உதிர்ந்தது. கம்பி பிரஷ் போட்டதும் உள்ளே ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து அடுக்கிய காசுகள்போல் வெள்ளியாக ஒரு வரி தெரிந்தது. மூன்று வருடத்தில் அவர் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பொறி நின்றதும் கேமராவை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக விழுந்தது. போன் டார்ச்சை இரும்பை ஒட்டிப் படுக்கவைத்த பிறகுதான் அடுக்குகள் தனித்தனியாக எழுந்தன. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பாராசிட்டமால் மாத்திரையை வைத்தார்.

"கேட்டுக்கு ஜுரமா?" என்றான் மோசஸ்.

கடைசியாக, ஐந்தாவது இணைப்பின் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. லென்ஸில் தூசி என்று துடைத்தார். மறுபடியும் எடுத்தார், அதே இடத்தில் அதே புள்ளி. மூன்றாவது தடவை துடைக்கும்போது மோசஸ் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு இரும்பின் மேல் குனிந்து பார்த்தான்.

"தூசி இல்ல அண்ணாத்த. துள."

 கிரைண்டரை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்துத் தள்ளினான். பொறி அழகாகத் தெறித்தது. தீனதயாளன் கேமராவைத் தொடவில்லை. மறுபடி பற்றவைத்து முடித்ததும் எடுத்தார். புள்ளி இல்லை.

"துள கீற படத்த அழிச்சிரு" என்றான் மோசஸ்.

"ரெண்டையும் அனுப்பலாம்பா. கண்டுபுடிச்சு அடைச்சிருக்கோம்னு தெரியட்டும்."

"ஏற்கெனவே உன் பேச்ச கேட்டுத்தான் இங்க வந்து நிக்கறேன்."

 மோசஸ் பிரஷ்ஷைத் தட்டிக்கொண்டே யோசித்தான். "சரி, போடு. போனா போவுது" என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. படங்கள் எப்படி என்று ராகவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 'நாளைக்கு இப்ப அனுப்பின ஆறு படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுவாங்க. அளவெடுக்கிற டேப்பையும் எடுத்துட்டு வாங்க' என்று மட்டும் எழுதியிருந்தார். டேப் என்றால் வேலை உறுதி என்று மோசஸ் அந்த இரண்டாவது வரியைத் தெருவுக்கே படித்துக் காட்டினான்.

மறுநாள் விடுதியின் பாதி எழும்பிய மாடிப்படியில் மூவரும் நின்றார்கள். காற்றுக்கு எல்லாமே பறந்தது. தீனதயாளன் படங்களை மருந்துக்கடைக் கவரில் போட்டு, அதன் வாயைப் பிளாஸ்திரியால் ஒட்டி இரண்டு கையாலும் நீட்டினார். ராகவன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சிட்டிருந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா சார், பின்னாடியா?" என்று கேட்டுக்கொண்டே பிரித்தார்.